நான் நடக்காத காலைகள்

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஏழு தரம் போன் எடுத்திருக்கிறாய். உங்கள் மெல்பேர்னில் அப்போது காலை பத்து மணி, இங்கே ஐந்தரை. பன்னிரண்டு வருடமாக அந்த நேரத்தில் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிற அம்மா எடுக்கவில்லை என்றதும் நீ எவ்வளவு பதறியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அப்பா போனை மேசையில் வைத்துவிட்டு நடக்கப் போயிருந்தார். கடைசியில் நீ கீழ்மாடி நஸீமாவுக்கு எடுத்தாய். சுபஹ் தொழுதுவிட்டு இருந்தவள் அப்படியே படியேறி ஓடிவந்து கதவைத் தட்டினாள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு திறந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் போனில் சொன்னதை நீ கேட்டாய். "ஒண்டுமில்ல மகன். அம்மா நல்ல தூக்கத்துல ஈந்தாங்க." நீ நம்பவில்லை. "இந்த நேரத்திலயோ? அம்மாவோ?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு வந்த மூன்று நாளும் "உண்மையைச் சொல்லுங்கோ, என்ன வருத்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். வருத்தம் நோய் ஒன்றுமில்லை. ஆனால் உண்மை ஒன்று இருக்கிறது, அதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதியவளுக்கு எழுதுவதுதான் கைவரும். நீளமான கடிதம். ரயிலில் போகும்போது ஆறுதலாக வாசி.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் என் இரத்தப் பரிசோதனையில் சீனி எல்லையில் நிற்கிறது என்று வந்தது. சீனி வருத்தம் இன்னும் வரவில்லை, ஆனால் கவனிக்காவிட்டால் வரும் என்றார்கள். நீ பயந்துபோனாய். உன் பெரிய மாமாவுக்குச் சீனி வருத்தத்தால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த பிறகு, அவருடைய கொட்டாஞ்சேனை வீட்டு மாடிப்படியில் அவரை நீயும் அப்பாவும் கதிரையோடு தூக்கி ஏற்றியது உனக்கு மறக்கவில்லை. அடுத்த மாதமே எனக்கு ஒரு கைக்கடிகாரம் வந்து சேர்ந்தது. எத்தனை அடி நடந்தேன் என்பதை எண்ணி அது உன் போனுக்கு அனுப்பும். "அம்மா, அப்பா ஒவ்வொரு நாளும் விடியப்புறம் மெரைன் டிரைவில நடக்கிறார்தானே. நீங்களும் அவரோட போங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்" என்றாய். ஓம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

நாலு நாள் போனேன். அப்பா நாலரைக்கு எழும்பி லைட்டைப் போடுவார். துறைமுகத்தில் விடியற்காலை முறைக்குப் போய்ப் பழகிய மனிதர், அவருக்கு அது உடம்போடு ஒட்டியது. எனக்கோ அந்த நேரத்தில்தான் நித்திரை வந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். இதை நான் உனக்குச் சொன்னதேயில்லை. பத்து மணிக்குப் படுப்பேன், கண் மூடாது. எப்போதிருந்து என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. நீ குழந்தையாக இருந்த யுத்தகாலத்தில், அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தபடி படுத்த வருடங்கள் சில இருந்தன. காலம் மாறிய பிறகும் காது மாறவில்லை. பிறகு நீ படிக்கப் போனாய், உன் போனுக்குக் காத்திருந்தேன். நித்திரையில்லாமல் இருப்பது என் குணம் என்றே நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் அப்பா போடுகிற லைட்டோடு அது கலைந்துவிடும். அதனால்தான் ஐந்தரைக்கு நீ எடுக்கும்போதெல்லாம் நான் விழித்திருந்தேன். அது சுறுசுறுப்பு என்று நீ நினைத்தாய். நானும் அப்படியே நினைக்கவிட்டேன்.

ஐந்தாம் நாள் எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகியது. படுக்கையை விட்டு எழும்ப முடியவில்லை. அப்பா கதவடியில் நின்று, "பிள்ளை பாத்துக்கொண்டிருப்பான். ஒண்டும் போகாட்டிப் பயந்திடுவான்" என்றார். "அப்ப நீங்களே கட்டிக்கொண்டு போங்கோவன், இண்டைக்கு ஒரு நாளைக்கு" என்று நான்தான் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் தன்னுடையதை இடக்கையிலும் என்னுடையதை வலக்கையிலும் கட்டிக்கொண்டு போனார். அன்று நீ, "அம்மா, சூப்பர்! நேற்றையை விடக் கூட" என்று செய்தி அனுப்பினாய். நான் படுக்கையில் இருந்தபடியே அதை வாசித்தேன். அடுத்த நாளும் தலையிடி. அதற்கடுத்த நாள் மழை. பிறகு காரணம் சொல்வதே நின்றுபோயிற்று. கண்ணா, ஒன்றேமுக்கால் வருடம் உன் போனுக்கு வந்த அடிகள் என்னுடையவை இல்லை. அப்பா இரண்டு கையிலும் கடிகாரம் கட்டிக்கொண்டு எனக்காகவும் நடந்தார். பிள்ளைகளின் கொப்பியில் பார்த்தெழுதிய விடையை ஒரு பார்வையில் பிடிக்கிறவள் என்று பெயரெடுத்த நான், என் பிள்ளைக்கே பொய்க்கணக்குக் காட்டினேன். "பிள்ளையை ஏமாத்திறம்" என்று அப்பா இரண்டு மூன்று தரம் சொன்னார். "நாளையில இருந்து வாறன்" என்பேன். அந்த நாளை வரவேயில்லை.

பிறகு வந்தது அந்த ரிப்போட். சீனி ஏறியிருந்தது. கிருலப்பனையில் நாங்கள் காட்டுகிற டொக்டர் என்னிடம் கணிதம் படித்த பிள்ளை என்பது உனக்குத் தெரியும். நீ பெருமையோடு என் நடைக் கணக்கை வரைபடமாக்கி அவளுக்கு அனுப்பிவைத்திருந்தாய். அவள் ரிப்போட்டையும் வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "டீச்சர், இவ்வளவு ஒழுங்கா நடந்தும் ஏறுதெண்டால் எனக்கு யோசனையாக் கிடக்கு. கணையத்தை ஒருக்கா ஸ்கான் பண்ணிப் பாப்பம். குளிசை மருந்தும் தொடங்குவம்" என்றாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லாமல் நான் தலையாட்டினேன். ஸ்கானுக்கு எழுதித் தந்த துண்டை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினோம். ஓட்டோ காலி வீதியில் திரும்பியது. அப்பா, "நீர் சொல்லியிருக்கலாம்" என்றார். "நீங்களும் சொல்லியிருக்கலாம்தானே" என்றேன். அதுதான் அன்றைக்கு முழுவதும் நாங்கள் கதைத்தது. இல்லாத ஒரு வருத்தத்தைத் தேடி என்னை ஸ்கான் எடுக்க அனுப்புகிறார்கள், அதுவும் என் பொய்யை நம்பி. அந்த வெட்கத்தில் நான் இன்னொரு பிழை செய்தேன். உண்மையைச் சொல்வதற்குப் பதிலாக, பொய்யை மெய்யாக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

அடுத்த நாளே நாலரைக்கு எழும்பினேன். மூன்று நாள் அப்பாவுக்குப் பின்னால் பாதி நித்திரையில் இழுபட்டுப் போனேன். நாலாம் நாள், கடற்கரை ரயில் பாதைக்கு எதிரே, நடைபாதைக் கல் ஒன்று கிளம்பி நின்ற இடத்தில் கால் தடக்கி விழுந்தேன். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அந்தக் கல்லை நான் காணவில்லை. அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார். இலைக்கஞ்சி விற்கிற சிங்களப் பெண்தான் முதலில் ஓடிவந்து, "அனே அம்மே, மெதன வாடிவென்ன", ஐயோ அம்மா இங்கே இருங்கோ என்று, தன் சிறிய மர வாங்கில் என்னை இருத்தி, சூடாக ஒரு கோப்பை கையில் தந்தாள். அதைப் பிடிக்க முயன்றபோதுதான் இடக்கை தூக்க வரவில்லை என்று தெரிந்தது. அப்பா திரும்பி வந்து என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் நினைக்க விருப்பமில்லை. மணிக்கட்டு எலும்பு வெடித்திருந்தது. ஆறு கிழமை கட்டு, ஒன்றரை மாதம். உனக்கு என்ன சொன்னோம்? குளியலறையில் வழுக்கியது என்று. நீ அன்றைக்கே வழுக்காத விரிப்பு மூன்று ஓடர் பண்ணி அனுப்பினாய். நல்ல விரிப்புகள், கண்ணா. ஒவ்வொரு நாளும் அதில் கால் வைக்கும்போது எனக்குச் சுட்டது.

கட்டுப் போட்ட கையோடுதான் டொக்டரிடம் திரும்பிப் போனேன். அப்பாவை வெளியே இருக்கச் சொன்னேன். கடிகாரக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "கணக்கில செய்கை காட்டாத விடைக்கு நீங்கள் எங்களுக்குப் புள்ளி போடமாட்டீங்கள் டீச்சர். நான்தான் செய்கையைப் பாக்காமல் விட்டிட்டன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு எத்தனை மணிக்கு நித்திரை வருகுது?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எல்லாரும் எத்தனை மணிக்கு எழும்புகிறாய் என்றுதான் கேட்டார்கள்.

நான் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே சொன்னாள். "நித்திரை குறைஞ்சாலும் சீனி ஏறும் டீச்சர். இருக்கிற நித்திரையையும் கெடுத்துக்கொண்டு நடக்கிறதில என்ன பிரயோசனம்? விடியப்புறம் நடந்தால்தான் நடை எண்டு ஒரு சட்டமும் இல்லை. கனபேருக்குப் பின்னேரத்தில உடம்பு நல்லா இளகி இருக்கும். சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடந்தால், சாப்பாட்டால ஏறுற சீனியும் அவ்வளவு ஏறாது. ஆனா படுக்கப்போற நேரத்துக்குக் கிட்டவா மூச்சு வாங்க வாங்கச் செய்தால் சிலருக்கு நித்திரை குழம்பும்." "அப்ப எது சரியான நேரம்?" என்று கேட்டேன், கணக்கு டீச்சர்தானே, ஒரு விடை வேண்டும். அவள் சிரித்தாள். "எல்லாருக்கும் ஒரே நேரம் எண்டு நான் சொல்லமாட்டன். ஆராய்ச்சி செய்யிற ஆக்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரேல்ல. ஐயாவுக்குக் காலமை சரிவருகுது, அவர் அதையே செய்யட்டும். நீங்கள் உங்களுக்கு ஏலுமான நேரத்தைப் பிடியுங்கோ. பிடிச்சால் ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்குச் செய்யுங்கோ. நித்திரைக்கும் அது நல்லது." ஸ்கான் துண்டை வாங்கிக் கிழித்தாள். குளிசையை இப்போது தொடங்காமல் மூன்று மாதம் தவணை தந்தாள்.

அன்று பின்னேரம் லிப்டில் நஸீமாவைக் கண்டேன். அவளுக்கும் என் வயதுதான், புருஷன் காலமாகி நாலு வருடம். பின்னேர அசர் தொழுகை முடிந்ததும் தனியாக நடக்கப் போகிறவள். கையின் கட்டைப் பார்த்துவிட்டு, "டீச்சர், வூட்டுக்குள்ளயே ஈந்தா காலும் கட்டிக்கும். வாங்க, மெதுவாப் போவோம்" என்றாள். கையைத் தோளில் தொங்கப் போட்டுக்கொண்டு ஐந்து மணிக்கு அவளோடு இறங்கினேன். முதல் கிழமை எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, முடிகிற வரைக்கும். இரண்டாம் கிழமை கடல் வரைக்கும். அவள் கதைக்கிற வேகத்துக்குத்தான் நடப்பாள், கதை சூடானால் நடையும் சூடாகும். தன் மருமகனைப் பற்றித் தொடங்கினால் எனக்கு மூச்சு வாங்கும். மத்தியானம் சோறு சாப்பிட்ட பிறகு கதிரையில் சாயாமல், எங்கள் மாடி நடையில் பத்து நிமிடம் அங்கும் இங்கும் நடப்பேன். இவ்வளவுதான் செய்தேன். மூன்றாவது கிழமையோ நாலாவதோ, ஒரு நாள் கண் விழித்தபோது திரைச்சீலை வெள்ளையாக இருந்தது. ஏதோ நடந்துவிட்டது என்று பயந்து எழும்பினேன். முதல் ரயில் போனது எனக்குக் கேட்கவில்லை. இரண்டாவதும் கேட்கவில்லை. கட்டிலில் இருந்தபடி என் கால்களைப் பார்த்துக்கொண்டு கனநேரம் சும்மா இருந்தேன். அப்படியொரு விடியலை நான் எத்தனை வருடமாகக் கண்டதில்லை என்று எண்ணிப் பார்த்தேன், எண்ண முடியவில்லை. ஒவ்வொரு நாளும் அப்படி வாய்க்கவில்லை. இப்போதும் கிழமையில் ஒன்றிரண்டு நாள் முழித்துக் கிடக்கிறேன். ஆனால் மற்ற நாட்களில் நித்திரை தானாக வருகிறது. உன் போன் வருகிற நாட்களில் மட்டும் இதுவரை மணிச்சத்தத்தில் எழும்பி எடுத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று நான் நினைத்திருக்க, அப்பா என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். தேத்தண்ணியை வாங்குவார், பேப்பரை விரிப்பார், அவ்வளவுதான். கை குணமாகிக் கட்டை வெட்டிய அன்று பின்னேரம் நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது, பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார். "நஸீமாவோட நடக்க ஏலும். என்னோட நடக்கத்தான் ஏலாது." எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "விழுந்து கை முறிஞ்சது உங்களோட வந்துதானே" என்று சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாத சொல். அவர் பேப்பரை மடித்து வைத்தார். "அதை நினைச்சால் எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யும். முன்னால போயிட்டன், திரும்பிப் பாக்கேல்ல" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "நான் வேலைக்குப் போகேக்க நீர் படுத்திருப்பீர். நான் வரேக்க நீர் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தால பஸ்ஸில வந்துகொண்டிருப்பீர். பென்சன் எடுத்தால் ஒரு மணித்தியாலமாவது ரெண்டு பேரும் சேந்து நடக்கலாம் எண்டு நினைச்சிருந்தனான். உம்மட சீனிக்காக எண்டு பிள்ளை சொன்னான். நான் சீனியை நினைக்கேல்ல."

நான் சப்பாத்தைக் கழற்றினேன். நாற்பத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாமல் போயிற்று, கண்ணா. இரண்டு கையிலும் கடிகாரம் கட்டிக்கொண்டு தனியாக நடந்த அந்த மனிதர் என்ன நினைத்துக்கொண்டு நடந்திருப்பார் என்று நான் ஒரு நாளாவது யோசித்தேனா? அன்று நஸீமாவுக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்தோம். "வாங்கோ, ஒழுங்கை முடிவுமட்டும் போயிட்டு வருவம்" என்றேன். "எனக்கு நித்திரை வருகுது" என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பைப் போட்டார். கால்மணித்தியாலம்கூட ஆகவில்லை. மிக மெதுவாக நடந்தோம். வீதியைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்தார், கடந்த பிறகும் விடவில்லை. இப்போது இதுதான் எங்கள் ஒழுங்கு. பின்னேர நடை நஸீமாவோடு, சாப்பாட்டுக்குப் பிறகான சின்ன நடை அவரோடு. விடியப்புறம் அவர் தனியாகத்தான் போகிறார், ஆனால் லைட்டைப் போடுவதில்லை. என் நித்திரை குழம்பக்கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை நீ எடுத்தபோது வீடு அப்படித்தான் அமைதியாக இருந்தது.

கடைசி ரிப்போட்டில் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இன்னும் எல்லையில்தான். குளிசை இப்போதைக்கு வேண்டாம், மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்போம் என்றாள் டொக்டர். அடுத்த ரிப்போட் எப்படி வந்தாலும் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். இனி உன்னிடம் ஒளிக்கமாட்டேன்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், துஷி எனக்குச் சொல்லிவிட்டாள். உன் மனைவி மேல் கோபப்படாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். உனக்கும் சீனி எல்லைக்கு வந்துவிட்டதாம். நாற்பத்தொரு வயதில். "அம்மாவுக்குச் சொல்லாதேயும்" என்று சொல்லிவைத்தாயாம். யாரைப் போல இருக்கிறாய் பார். இரவு ஒரு மணிவரை கம்பியூட்டருக்கு முன்னால் இருந்துவிட்டு, நாலரைக்கு அலாரம் வைத்து எழும்பி ஜிம்முக்குப் போகிறாயாம். "ஏன் இப்பிடி உடம்பை வருத்திறீங்கள்?" என்று அவள் கேட்டால், "அம்மா பழக்கின பழக்கம்" என்கிறாயாம். பெருமையாகச் சொல்கிறாய் என்றாள். எனக்கு அதைக் கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

ஓம், நான் பழக்கியதுதான். உயர்தரப் பரீட்சைக்கு நீ படித்த இரண்டு வருடமும், நாலரைக்கு ஈரத் துவாயால் உன் முகத்தைத் துடைத்து எழுப்பினேன். நீ குளியலறைச் சுவரில் சாய்ந்து நின்றபடியே நித்திரையாகிப் போவாய், பல்லுத்தூரிகை வாயில் இருக்கும். கொப்பியை விரித்தால் ஒரே வரியை அரைமணித்தியாலம் பார்த்துக்கொண்டிருப்பாய். ஆனால் பொழுதுபட்ட பிறகு உனக்குத் தலை திறக்கும். விறாந்தையில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே, நான் பேப்பரில் செய்து பார்க்கிற கணக்கை நீ வாயாலேயே செய்துமுடிப்பாய். டீச்சராக எனக்கு அது தெரிந்தது, கண்ணா. தெரிந்துகொண்டே எழுப்பினேன். விடிய எழும்புகிற பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று ஊர் சொன்னது எனக்குப் பெரிதாக இருந்தது. மாமா வீட்டில் எல்லாருக்கும் முன்னால் உன்னைச் சோம்பேறி என்று சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தாய். பிறகு உனக்கு நல்ல பெறுபேறு வந்தது, எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழில் நான் இதை மறந்தே போனேன். என் உடம்பு என்னிடம் கேட்டதை நான் அறுபத்தாறு வயதில்தான் கேட்டேன். உன் உடம்பு பதினெட்டு வயதில் என்னிடம் கேட்டதை நான் கேட்கவேயில்லை. அது பிழை. என்னை மன்னித்துக்கொள்.

நீ என்னைப் பார்த்துப் பின்னேரம் நடக்க வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவைப் பார்த்து விடியப்புறமும் வேண்டாம். உன் டொக்டரிடம் போ. எத்தனை மணிக்குப் படுக்கிறாய், எத்தனை மணிக்கு எழும்புகிறாய் என்பதை ஒன்றும் குறைக்காமல் சொல்லு. அவர் கேட்காவிட்டாலும் சொல்லு. துஷி சொல்கிறாள், வேலை முடிந்து வந்ததும் என் பேத்தி சின்னவளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போன நாட்களில் நீ நன்றாக நித்திரை கொள்கிறாயாம். அதையும் சொல்லு.

கூரியரில் அனுப்புகிற இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அடுத்த வெள்ளிக்கிழமையாக இருக்கும். அலாரத்தை நிப்பாட்டிவிட்டுப் படு ராசா. சனிக்கிழமை யாரும் உன்னை எழுப்ப வேண்டாம் என்று துஷியிடம் நானே சொல்லிவிட்டேன். சின்னவள் வந்து உன்மேல் ஏறிக் குதிக்கும்வரை படுத்திரு.

உன் அம்மா